பின் அச்சு எவ்வளவு தாங்கும்? வாசகர் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பின் அச்சைப் பற்றியவை. இன்ஜினை மாற்றியவர்கள், மாற்ற நினைப்பவர்கள், மாற்றிவிட்டு வருந்துபவர்கள் என்று மூன்று தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என்னிடம் 1990களில் வாங்கிய, நான்கு சக்கரமும் இழுக்கும் மஹிந்திரா ஜீப் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முறைப்படி அனுமதி பெற்று, பழைய இன்ஜினை இறக்கிவிட்டு டர்போ டீசல் இன்ஜின் பொருத்தினேன். அதன் பிறகு பின் ஆக்ஸில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) இரண்டு முறை முறிந்துவிட்டது. இரண்டு முறையும் இடப்பக்கம்தான். மாங்காய்ப் பருவத்தில், முப்பது கிரேட் ஏற்றிக்கொண்டு தோப்பிலிருந்து மேடேறும்போது முறிந்தது. ஒரு மெக்கானிக் பெரிய வண்டியின் பின் அச்சு முழுவதையும் வாங்கி மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் அச்சுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது?
— பாலக்கோடு வாசகர்

பதில்: முறிந்த அந்த இரண்டு ஷாஃப்டுகளையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் முதலில் அவற்றைத் தேடி எடுத்து, முறிந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் வைத்துப் பாருங்கள். எந்த அச்சை வாங்குவது என்பதற்கான விடை அந்த இரண்டு விரற்கடை அகலத்தில் இருக்கிறது. முகம் முழுவதும் ஒரே நிறத்தில், சுழி போல முறுக்கிய தடத்தோடு இருந்து, பக்கத்தில் ஷாஃப்டின் நீளவாக்கில் வெட்டியிருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் நேராக ஓடாமல் திருகாணியின் மரை போலச் சாய்ந்திருந்தால், தாங்க முடியாத முறுக்குவிசையால் அது ஒரே நாளில் முறிந்தது என்று கொள்ளலாம். மாறாக, ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி, ஏரித் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகளைப் போல வழவழப்பான வரிகள் வளைவு வளைவாகப் பரவி, கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் கற்கண்டை உடைத்தது போலச் சொரசொரப்பாக இருந்தால், விரிசல் பல மாதங்களாக வளர்ந்துவந்திருக்கிறது. நீங்கள் மேடேறிய அன்று மீதியிருந்த இரும்பு கைவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு முறையும் இடப்பக்கமே முறிந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதால் எனக்கு இரண்டாவது வகையின் மீதுதான் சந்தேகம். அச்சின் நடுவில் இருந்து இன்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், இரு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். குற்றம் முழுவதும் இன்ஜினுடையது என்றால் அது இடப்பக்கத்தையே தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் ஜீப்பில் இருப்பது செமி-ஃப்ளோட்டிங் வகை அச்சு. அதாவது ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு வண்டியின் எடையையும் தன் நுனியில் சுமக்கிறது. ஷாஃப்டுகளை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கின் இடப்பக்கக் குழாய் சிறிது வளைந்திருந்தாலும், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஷாஃப்ட் ஒரு முறை வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிப்பது போன்ற வேலை இது. எனக்குத் தெரிந்த ஒரு ஜீப்பில் மூன்றாவது ஷாஃப்டும் போன பிறகுதான் ஹவுசிங்கை இறக்கி நூல் பிடித்துப் பார்த்தோம். வளைவு கண்ணுக்கே தெரிந்தது. மூன்று ஷாஃப்டுகளின் விலையை எண்ணி அதன் உரிமையாளர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். நீங்கள் இறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பின் டயர்களுக்கும் இடையிலான தூரத்தை அச்சின் உயரத்தில் முன்புறமும் பின்புறமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டாலோ, இட டயர் மட்டும் ஒரு விளிம்பில் தேய்ந்திருந்தாலோ, ஹவுசிங்கைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

ஹவுசிங் நேராகவே இருந்து, ஸ்ப்ளைன் முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டுமே இன்ஜினின் பலம் பற்றிய கணக்குக்கு வரவேண்டும். எளிய எண்களைக் கொண்டு பார்ப்போம். பழைய இன்ஜின் 120 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது, முதல் கியர் 4 மடங்கு, பின் அச்சு 4.27 மடங்கு என்று வைத்துக்கொண்டால், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 2,050 நியூட்டன் மீட்டர் போகிறது. புதிய இன்ஜின் அதைப் போல் இரண்டு மடங்கு தந்தால் 4,100. ஆனால் இன்ஜின் கொடுப்பது முழுவதையும் ஷாஃப்ட் வாங்கிக்கொள்வதில்லை. டயர் எப்போது வழுக்குகிறதோ அதுவே எல்லை. பின் அச்சின் மேல் 900 கிலோ எடையும், டயரின் ஆரம் 35 சென்டிமீட்டரும், காய்ந்த தரையும் என்று கொண்டால், ஏறத்தாழ 2,470 நியூட்டன் மீட்டரில் டயர் வழுக்கத் தொடங்கிவிடும். அதற்கு மேல் இன்ஜினில் எவ்வளவு பலம் இருந்தாலும் அது புழுதியைக் கிளப்பத்தான் உதவும். இப்போது முப்பது கிரேட் பெங்களூரா மாங்காயை ஏற்றுங்கள். கிரேட்டுக்கு 20 கிலோ என்றாலும் 600 கிலோ. பின் அச்சின் மேல் 1,500 கிலோ ஆகிவிட்டால் டயர் 4,100 நியூட்டன் மீட்டர் வரை வழுக்காது. புதிய இன்ஜின் தருவது முழுவதும் ஷாஃப்ட் வழியாகவே போகிறது. வெறும் வண்டியாக இருந்தபோது டயர்தான் உங்கள் ஷாஃப்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பாரம் ஏறியதும் அந்தக் காவல் போய்விட்டது. பதிவுச் சான்றில் உங்கள் வண்டிக்கு எழுதியிருக்கும் மொத்த எடையையும் இதோடு ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக அடிப்பது புதிய அச்சைவிடச் செலவு குறைந்த வழி.

இரண்டாவது மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய ஜீப்புகளில் கிரவுன் வீலில் 43 பற்களும் பினியனில் 8 பற்களுமாக, 5.38 விகிதம் பரவலாக இருந்தது. பலம் குறைந்த இன்ஜினுக்கு அந்த விகிதம் தேவையாக இருந்தது. டர்போ இன்ஜினுக்கு அது தேவையில்லை. 47க்கு 11 பல், அதாவது 4.27 விகிதத்துக்கு மாறினால், ஷாஃப்டுக்குப் போகும் முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பல் எண்ணிக்கை கூடுவதால் பினியன் தடித்து வலுப்பெறும். 235/75 ஆர்15 டயரில், நேரடி டாப் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகும்போது 5.38 விகிதத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,100 சுற்று சுற்றும், 4.27இல் சுமார் 2,470தான். தருமபுரிக்குப் போய்வரும் நாளில் காதுக்கும் டீசல் கணக்குக்கும் இந்த வேறுபாடு தெரியும்.

மீதிப் பாதியை அவர் சொல்ல மறந்துவிட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் அச்சின் விகிதமும் பின் அச்சின் விகிதமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு, ஃபோர் வீல் லீவரைப் போட்டுக் கெட்டியான தரையில் ஓட்டினால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, இரு அச்சுகளுக்கும் சுழற்சியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸோ, அச்சுக்குப் போகும் தண்டின் மூட்டான கிராஸ் ஜாயிண்டோ உடைவது நிச்சயம். ஆகவே இரண்டு செட் வாங்க வேண்டும், பற்கள் சரியாகப் பொருந்தும்படி இரண்டு முறை செட்டிங் வைக்க வேண்டும். அச்சு முழுவதையும் மாற்றுவதற்கும் இதே நிபந்தனை உண்டு. அதோடு வில்பட்டை உட்காரும் இடங்களின் இடைவெளி, சக்கரங்களுக்கு இடையிலான அகலம், ஐந்து போல்ட் சக்கரம் பொருந்துமா என்பது, பினியன் நோக்கும் கோணம், பிரேக்கின் அளவு ஆகிய அனைத்தையும் அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பெரிய வண்டியின் பெரிய பின் பிரேக், எடை குறைந்த ஜீப்பில் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பிவிடக்கூடும்.

என் கருத்தைக் கேட்டால், ஹவுசிங்கைச் சரிபார்த்து, உருக்குக் கலவையில் செய்து முறையாகக் கடினப்படுத்திய நல்ல ஷாஃப்ட் இரண்டை ஜோடியாகப் போடுங்கள். ஷாஃப்டின் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30 மில்லிமீட்டரிலிருந்து 33 ஆக்கினாலே மூன்றில் ஒரு பங்கு வலிமை ஏறிவிடுகிறது. ஆனால் தடித்த ஷாஃப்ட் போய்ச் செருகும், டிஃபரன்ஷியலுக்கு உள்ளே இருக்கும் சைடு கியரும் அதே ஸ்ப்ளைனில் கிடைக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். லேத் பட்டறையில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து கொடுப்பதை வாங்க வேண்டாம். ஸ்ப்ளைன் முடியும் இடத்தில் சிறு வளைவு விடாமல் கூர்மையான மூலையாகக் கடைந்துவிட்டால் அடுத்த விரிசல் அங்கேயே பிறக்கும்.

கேள்வி: கிரவுன் பினியன் புதிதாக மாற்றிய பிறகு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் "ஊ..." என்று ஊளைச் சத்தம் கேட்கிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
— காவேரிப்பட்டினம் வாசகர்

பதில்: சரியாகாது. ஓட ஓட அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி பல் தேய்ந்து, பிறகு எந்த செட்டிங்காலும் திருத்த முடியாத நிலைக்கு வந்துவிடும். மிதிக்கும்போது மட்டும் கேட்பதால் பல்லின் ஒரு முகம் மட்டும் தவறான இடத்தில் உரசுகிறது என்று தெரிகிறது. மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கிடமே வண்டியைத் திரும்பக் கொண்டுபோய், கிரவுன் பற்களில் சாயம் தடவிச் சுற்றி, பதிவைக் காட்டச் சொல்லுங்கள். நாமக்கட்டியைக் குழைத்து இட்டது போல அந்தப் பதிவு பல்லின் நடுவில், ஓரங்களைத் தொடாமல், நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. நுனியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. பினியனின் பின்னால் இருக்கும் சிம் தகட்டின் கனத்தை மாற்றுவதுதான் இதற்கு வழி. பல்லிடைத் தளர்ச்சி, அதாவது பேக்லாஷ், இந்த அளவு அச்சுகளில் பெரும்பாலும் 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை வைக்கப்படும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது. நுண்ணிய அளவைக் காட்டும் டயல் கேஜ் இல்லாமல், கையால் ஆட்டிப் பார்த்து "போதும்" என்று சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், தலைமயிரின் கனத்தைக் கையால் அளக்க முடியாது.

பினியன் பேரிங்குகளைச் சற்று இறுக்கம் கொடுத்தே பூட்ட வேண்டும் என்பதும் பலர் விட்டுவிடும் செய்தி. புதிய பேரிங்கில் பினியனைக் கையால் சுற்றும்போது சீரான ஒரு கனம் தெரிய வேண்டும். கடகடவென்று தளர்வாகச் சுற்றினால், பாரம் ஏறும்போது பினியன் பின்வாங்கி, சாயத்தில் பார்த்த நல்ல பதிவு சாலையில் இல்லாமல் போய்விடும். கிரவுனும் பினியனும் ஆலையிலேயே ஜோடியாக உரசிப் பதப்படுத்தப்படுபவை. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண் வேறாக இருந்தால் செட்டிங்கைப் பற்றிப் பேசுவதே வீண், பொருளைத் திருப்பிக் கொடுங்கள்.

எல்லாம் சரியானதும், முதல் நாள் பாரமில்லாமல் 25, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை அதிக பாரமும் இழுவையும் வேண்டாம். அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள். ஜிஎல்-5 தர ஆயில் பின் அச்சுக்கு உரியது. மிச்சமிருக்கிறதே என்று அதைப் பழைய கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள். அங்குள்ள பித்தளைச் சின்க்ரோ வளையங்களுக்கு அது ஆகாது.

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் எங்கள் நிலத்துக்குப் போகும் பாதையில் மழைக்காலத்தில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றுவிடுகிறது. டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து இழுக்கும் என்கிறார்கள். செய்யலாமா?
— தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: வேண்டாம். டிஃபரன்ஷியல் இருப்பதன் நோக்கமே வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட இடம் கொடுப்பதுதான். வெல்டிங் வைத்தால் சேற்றில் ஏறிவிடும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வண்டி தார்ச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயரைத் தேய்த்துக்கொண்டு, நேராகவே போகப் பார்க்கும். ஈரச் சாலையில் பின்பக்கம் விலகிப் போகும். அதுவரை இரண்டு ஷாஃப்டுகளும் பங்கிட்டுக்கொண்ட முறுக்குவிசை, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது முழுவதுமாகத் தரையில் உள்ள ஒரே ஷாஃப்டின் மேல் விழும். பிடிமானம் கூடினால் அச்சின் வலிமை கூடிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அச்சின் சுமைதான் கூடுகிறது.

தேவைப்படும்போது மட்டும் பூட்டிக்கொள்ளும் வகையை நாடுங்கள். 2015இல் வந்த மஹிந்திரா தார் சிஆர்டிஇ வண்டியின் பின் அச்சில் ஈட்டன் நிறுவனத்தின் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. இரு சக்கரங்களின் சுற்று வேறுபாடு நிமிடத்துக்கு 100 அளவைத் தாண்டும்போது, குறைந்த வேகத்தில் மட்டும், அது பூட்டிக்கொள்ளும். ஆகவே சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிடாமல், சீராக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றுகிற சக்கரம் திடீரென்று பாறையைப் பிடிக்கும் கணத்தில்தான் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் உடைகின்றன என்பதால், இன்ஜினை உறுமவிட்டுக் கிளட்சைப் பட்டென்று விடும் பழக்கம் இருந்தால் அதை முதலில் விடுங்கள். இதையெல்லாம் வாங்குவதற்கு முன் டயரின் காற்றைச் சிறிது குறைத்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றடிக்க ஒரு பம்பு மட்டும் வண்டியில் இருக்கட்டும்.

கேள்வி: என் ஸ்விஃப்ட் காரில் இன்ஜின் பலத்தைக் கூட்ட எண்ணியுள்ளேன். பின் அச்சின் டிஃபரன்ஷியலையும் மாற்ற வேண்டுமா?
— ராயக்கோட்டை வாசகர்

பதில்: உங்கள் காரில் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. அது முன் சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. டிஃபரன்ஷியல் முன்னால் கியர் பாக்ஸோடு ஒன்றாக இருக்கிறது. பின்னால் உள்ளது சக்கரங்களைத் தாங்கும் வெறும் குறுக்குத் தண்டு.

கேள்வி: பழைய 1,489 சி.சி. அம்பாசடர் டீசல் வைத்திருக்கிறேன். சேலத்துக்கு அடிக்கடிப் போய்வருகிறேன். 70ஐத் தாண்டினால் இன்ஜின் கதறுகிறது. விகிதம் குறைந்த கிரவுன் பினியன் போட்டால் நிம்மதியாக ஓடுமா?
— தருமபுரி வாசகர்

பதில்: ஓடும், சமதரையில். உங்கள் வண்டியில் இப்போது என்ன விகிதம் இருக்கிறது என்று முதலில் அறியுங்கள். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். வண்டிக்கு அடியில் ஓடும் புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் போட்ட அடையாளம் எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். மறுபக்கச் சக்கரம் நிற்பதால்தான் இரண்டு சுற்று. ஒரே சுற்றில் எண்ணிவிட்டுப் பாதி விகிதத்தைக் கடையில் கேட்டு நின்றவர்களும் உண்டு.

ஆனால் உங்கள் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் நோக்கிப் போகும்போது அந்த நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி விபத்துக்குள்ளான லாரிகளைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள். இறக்கத்தில் கியரில் வரும் வண்டியை இன்ஜின் எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதும் இதே விகிதத்தைப் பொறுத்தது. விகிதத்தைக் குறைத்தால் ஏற்றத்தில் இழுவை குறைவது போலவே இறக்கத்தில் பிடிப்பும் குறையும். மூன்றாவது கியரில் பிரேக்கைத் தொடாமல் இறங்கிய இடத்தில் இனி இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது பழைய டிரம் பிரேக்குகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். திரும்பி வரும்போதோ, ஏற்கெனவே பலம் குறைந்த அந்த டீசல் இன்ஜின் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் தவழும். அம்பாசடரிலேயே 1990களின் தொடக்கத்தில் வந்த 1,817 சி.சி. இசுசு இன்ஜின் வண்டிகளுக்கு ஐந்தாவது கியர் கொடுத்தார்கள். நெடுஞ்சாலை நிம்மதிக்கு அதுவே சரியான வழி. தேவையானபோது நான்கிலும் மூன்றிலும் பழைய பிடிப்பு அப்படியே இருக்கும். உங்கள் இன்ஜினுக்கு அந்தக் கியர் பாக்ஸ் நேராகப் பொருந்தாது என்பதால், உங்கள் நிலையில் நானாக இருந்தால் எதையும் மாற்றாமல் 65இல் போய்விட்டு, அந்தப் பணத்தில் நான்கு டிரம்முக்கும் புதிய லைனிங் போடுவேன்.

கேள்வி: பின் அச்சை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா?
— ஓசூர் வாசகர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. தேய்ந்த கிரவுன் பினியனுக்கு அதே வகைப் புதியதைப் போடுவது பழுதுபார்ப்பு. வேறு வண்டியின் அச்சைப் பொருத்துவதும், சக்கரங்களின் அகலமோ வண்டியின் எடையோ மாறுவதும் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே இரும்பை வெட்டுவதற்கு முன்பே பதிவு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.